காட்டுக்கும் டுரியான் தோப்புக்கும் பெரிய கத்தி: எந்த எஃகு வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பினாங்கின் பாலேக் பூலாவில் தோப்பு வைத்திருப்பவர்கள், வார இறுதியில் மலையேறும் இளவட்டங்கள், தெலுக் பஹாங் பக்கம் படகு வைத்திருப்பவர்கள், கோலாலம்பூரிலிருந்து உலு லங்காட் காட்டுக்குப் போகிற நண்பர்கள் எனப் பலரும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். இங்கே பெரிய கத்தி என்றால் அலகு எட்டு அங்குலத்துக்கு மேல் உள்ள, மடக்க முடியாத கத்தி. மலாய்க்காரர்களின் பாராங், கோலோக், நேபாளத்துக் குக்ரி, நம் வெட்டுக்கத்தி எல்லாம் இதில் அடங்கும். சமையல் கத்திக்கும் சட்டைப்பைக் கத்திக்கும் இந்தப் பதில்கள் பொருந்தாது.

சின்னக் கத்திக்கு நல்லது என்று சொல்லும் எஃகு பெரிய கத்திக்கு ஏன் ஆகாது?

சின்னக் கத்தி அறுக்கிறது. பெரிய கத்தி அடிக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் எல்லாமே அதிலிருந்துதான் மாறுகிறது.

ஒரு எஃகிடம் மூன்று குணங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது கடினம். இதை ராக்வெல் சி என்ற அளவில் சொல்வார்கள். இரண்டாவது, கூர் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது. மூன்றாவது, அடிபட்டால் உடையாமல் தாங்குமா என்பது. பொதுவாக முதல் இரண்டும் ஏற ஏற மூன்றாவது இறங்கும். ஆப்பிள் உரிக்கிற கத்தி ராக்வெல் 61, 62 இருக்கலாம். அதற்கு என்ன அடி விழப்போகிறது? பத்து அங்குல அலகை ஓங்கி வீசும்போது அது பலாமரக் கணுவில் பட்டு, மணிக்கட்டு சற்றே திரும்பினால், வாயில், அதாவது வெட்டும் ஓரத்தில், விழுகிற திருகு விசை வேறு ரகம். அங்கே ராக்வெல் 54 முதல் 58 வரை இருப்பதே வசதி. புல் வெட்டும் மெல்லிய நீளக் கத்திகளை 50-ஐ ஒட்டிக்கூட விடுவார்கள்.

வாய் மடங்கினால் கல்லில் நிமிர்த்திவிடலாம். பல் விழுந்தால் அரை மணி நேரம் அரத்தோடு உட்கார வேண்டும். அலகே முறிந்தால் அந்தத் துண்டு எங்கே பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. பெரிய கத்திக்கு நான் முதலில் கேட்பது உடையாமல் இருப்பதைத்தான். கூரெல்லாம் அதற்கு அப்புறம்.

1075, 1095, 5160 என்ற எண்களுக்கு அர்த்தம் உண்டா?

உண்டு. இது அமெரிக்க முறை. 10 என்று தொடங்கினால் கலப்பு அதிகமில்லாத சாதாரண கார்பன் எஃகு. கடைசி இரண்டு இலக்கம் கார்பனின் அளவு: 1075-இல் ஏறக்குறைய 0.75 சதவிகிதம், 1095-இல் 0.95. 51 என்று தொடங்கினால் கொஞ்சம் குரோமியம் சேர்ந்தது. ஆகவே 5160 என்பது 0.60 சதவிகிதக் கார்பனும் 0.8 சதவிகிதத்தை ஒட்டிய குரோமியமும் உள்ள எஃகு. 52100-இல் கடைசி மூன்று இலக்கம், அதாவது 1.00 சதவிகிதக் கார்பன். ஜப்பானியர்களின் எஸ்கே5 என்பது 0.8 சதவிகிதத்துக்குச் சற்று மேல் கார்பன் உள்ளது, 1075-க்கும் 1095-க்கும் நடுவில் வரும்.

1095-தான் சிறந்தது என்கிறார்கள். கார்பன் அதிகமென்றால் நல்லதுதானே?

சின்னக் கத்திக்கு ஓரளவு ஆமாம். பெரிய கத்திக்கு எனக்கு அதில் உடன்பாடில்லை.

எஃகைச் சூடாக்கும்போது அதில் கரைகிற கார்பன் 0.6 சதவிகிதத்தைத் தாண்டினால், தோய்ச்சலுக்குப் பின் (அதாவது சூடான எஃகை எண்ணெயில் முக்கிக் கடினப்படுத்திய பின்) உள்ளே உருவாகும் படிக அமைப்பு தகடு தகடாக மாறுகிறது. அந்த அமைப்பு நுண்ணிய விரிசலுக்கு இடம் கொடுக்கும். 1095-இல் அந்த ஆபத்து அதிகம். இன்னொரு சிக்கலும் உண்டு. 1095-ஐ உலையிலிருந்து எடுத்ததும் ஒரு விநாடிக்குள் ஏறக்குறைய 540 பாகை செல்சியசுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். மெதுவான எண்ணெயில் முக்கினால் பாதிதான் கடினப்படும். வேகமான எண்ணெய் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இது பிரச்சினையே இல்லை. ஊர்ப் பட்டறையில் பழைய என்ஜின் எண்ணெய் டின்னில் முக்குகிறவருக்குப் பிரச்சினை.

அதற்காக 1095 கத்தியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஈசீ, கே-பார் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் அந்த வகை எஃகில் நல்ல கத்திகளைச் செய்கின்றன. பிரேசிலின் டிராமோன்டினா 1070 வகையிலும், எல் சால்வடோரில் தயாராகும் கொண்டோர் 1075-இலும் நீளக் கத்திகள் செய்வது யோசித்துத்தான். 1075-இல் கூர் கொஞ்சம் சீக்கிரம் போகும். ஆனால் கையில் ஓர் அரம் இருந்தால் தோப்பில் உட்கார்ந்தபடியே மீண்டும் ஏற்றிவிடலாம். லாலான் புல்லும் பாசிப் பாறையும் கலந்த சரிவில் வேலை செய்பவருக்கு இந்த வசதிதான் பெரிது, ஏனென்றால் எப்படியும் கத்தி ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது கல்லில் படும்.

அண்ணே, லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த பாராங் வாங்கலாமா?

வாங்கலாம். இந்த நாட்டில் பெரும்பாலான பட்டறைப் பாராங்குகள் அதில்தான் பிறக்கின்றன. தமிழ்நாட்டில் நல்ல அரிவாளுக்குத் தேடுவதும் அதே பட்டைதான், நேபாளத்துக் குக்ரியும் அப்படித்தான்.

காரணம் நேரானது. லாரியின் எடையைத் தாங்கி லட்சக்கணக்கான தடவை வளைந்து நிமிர வேண்டிய பொருள் அது. அமெரிக்க வண்டிகளில் 5160 வழக்கம். ஜப்பானிய வண்டிகளில் சப்9 என்ற வகை அதற்கு நெருங்கிய உறவு, கார்பன் மட்டும் 0.5-க்குச் சற்று மேல். ஐரோப்பிய வண்டிகளில் குரோமியமும் வனேடியமும் சேர்ந்த 51சிஆர்வி4 வரும். மூன்றுமே எண்ணெயில் நிதானமாகக் கடினப்படும், அடியைத் தாங்கும். சரியாகத் தோய்ச்சல் கொடுத்த 5160 ராக்வெல் 56, 57-இல் நின்றால் பெரிய கத்திக்கு அதைவிட வேறென்ன வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

கவனிக்க வேண்டியவை உண்டு. பழைய பட்டை என்றால் அது ஏற்கெனவே உழைத்துக் களைத்தது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், அடித்து மெலிய வைத்தாலும் அந்த விரிசல் மறைந்துவிடாது. நல்ல பட்டறைக்காரர் பட்டையின் நடுத்துளைப் பகுதியை ஒதுக்கிவிடுவார், ஏனென்றால் விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். பயன்படுத்தாத புதுப் பட்டை வாங்கி அடிப்பவர் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும். இரண்டாவது, எல்லாப் பட்டையும் ஒரே எஃகு இல்லை. "ஸ்பிரிங் இரும்பு" என்று சொல்வதோடு நிறுத்தாமல், எந்த எண்ணெயில் முக்குகிறீர்கள், பிறகு திரும்பச் சூடு காட்டுகிறீர்களா என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு முகத்தைச் சுளித்தால் அங்கே வாங்க வேண்டாம்.

பழைய பட்டறைகளில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. முழு அலகையும் முக்காமல் வாய்ப் பக்கத்தை மட்டும் முக்குவார்கள். வாய் கடினமாகும், முதுகு மென்மையாகவே இருக்கும். அந்தக் கத்தி வளையுமே தவிர எளிதில் முறியாது.

80சிஆர்வி2, 52100, ஓ1, ஏ2 என்ற எஃகு வகைகள் எப்படி?

80சிஆர்வி2 எனக்குப் பிடித்தது. 0.8 சதவிகிதக் கார்பன், அரை சதவிகிதக் குரோமியம், துளி வனேடியம். வனேடியம் எஃகின் படிகத் துகள்கள் பருத்துவிடாமல் பார்த்துக்கொள்ளும். விலையும் கூடுதலில்லை. 52100 பந்துத் தாங்கி (பால் பேரிங்) செய்கிற எஃகு. நன்றாகத் தோய்ச்சல் கொடுத்தால் அருமை, மோசமாகக் கொடுத்தால் 1095-ஐப் போலவே படுத்தும். ஓ1 கூர் நன்றாக நிற்கும், ஆனால் பெரிய கத்திக்கு அதுதான் வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஏ2 ஐந்து சதவிகிதக் குரோமியம் கொண்டது, காற்றிலேயே கடினப்படும், நடுத்தர அளவுக் கத்திக்குச் சரி. குரோமியம் ஐந்து சதவிகிதம் இருப்பதால் துருப்பிடிக்காது என்று நினைத்துவிட வேண்டாம்.

டி2-இல் பெரிய கத்தி மலிவாகக் கிடைக்கிறதே?

கிடைக்கிறது. நான் வாங்க மாட்டேன்.

டி2-இல் கார்பன் ஒன்றரை சதவிகிதம், குரோமியம் 12 சதவிகிதம். இவை இரண்டும் சேர்ந்து உள்ளே பெரிய பெரிய குரோமியம் கார்பைடு மணிகளாகத் திரண்டுவிடும், சிமெண்டுக் கலவையில் சல்லி கிடப்பதுபோல. அட்டை அறுக்க, கயிறு அறுக்க அந்த மணிகள் உதவும். அடி விழும்போது விரிசல் அந்த மணிகளை ஒட்டியே ஓடும். நாலு அங்குலக் கத்தியாக இருந்தால் டி2 குறை சொல்ல முடியாத எஃகு. பத்து அங்குலத்தில் மூங்கில் கணுவை வெட்டினால் வாய் பல் பல்லாகப் போகும்.

இதில் இன்னொரு விஷயம். 12 சதவிகிதக் குரோமியம் என்றால் துருப்பிடிக்காத எஃகு என்று விற்பனையாளர் சொல்வார். துருவைத் தடுப்பது எஃகில் கரைந்திருக்கும் குரோமியம்தான். டி2-இல் பாதிக்குமேல் அந்த மணிகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. பினாங்கில் ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் பொட்டுப் பொட்டாகத் துரு வரும். வந்தால் ஆழமாகக் குழி விழும்.

சிபிஎம் 3வி-க்கு அவ்வளவு விலை கொடுக்கலாமா?

பணம் தடையில்லை என்றால் கொடுக்கலாம். அமெரிக்காவின் குரூசிபிள் நிறுவனம் உருகிய எஃகைத் துளிகளாகத் தூவிப் பொடியாக்கி, அதை அழுத்திக் கட்டியாக்கும் முறையில் உருவாக்கியது. அதனால் மணிகள் மிகச் சிறியவை, சீராகப் பரவியவை. 0.8 கார்பன், ஏழரைக் குரோமியம், மூன்றுக்குச் சற்றுக் குறைவாக வனேடியம். ராக்வெல் 59, 60-இல் வைத்தும் அடியைத் தாங்கும், கூரும் 5160-ஐ விட வெகுநேரம் நிற்கும். துருவிலும் டி2-ஐ விட மோசமில்லை.

குறை என்னவென்றால், சாதாரண அரம் அதில் வழுக்கிக்கொண்டு போகும். வைரத்தூள் பூசிய தகடு வேண்டும். வேலையில் கல்லில் பட்டுப் பல் விழுந்தால் தோப்பிலேயே சரிசெய்வது நடக்காத காரியம். ஒரு நல்ல 3வி கத்தியின் விலையில் நாலைந்து பிரேசில் கத்திகளும், அரமும், ஒரு கூடை டுரியானும் வாங்கலாம். தோப்புக்காரரிடம் கேட்டால் எதை எடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

நான் கடல் ஓரத்தில் இருக்கிறேன். கார்பன் எஃகு இரண்டே நாளில் செம்பட்டை ஆகிவிடுகிறது. துருப்பிடிக்காத எஃகில் பெரிய கத்தி உண்டா?

முதலில் ஏன் அப்படி ஆகிறது என்று பார்ப்போம். சோற்றுப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். பினாங்கில் இரவுகளில் ஈரப்பதம் அதற்கு மேலேதான் இருக்கும். ஆகவே கடல் காற்று படிந்த அலகை நீங்கள் நனைக்காவிட்டாலும் இரவெல்லாம் அது உப்புத் தண்ணீரில் கிடக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் பூசுவதற்கு முன் நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பது அதனால்தான் முக்கியம். உப்பின் மேலேயே எண்ணெய் பூசினால் உப்பை உள்ளே பூட்டி வைத்ததாகும்.

துருப்பிடிக்காத எஃகில் பெரிய கத்தி உண்டு, ஆனால் தேர்வு குறைவு. சுவீடனின் சவரத் தகட்டு எஃகும் அதன் உறவான வகைகளும் இங்கே கைகொடுக்கின்றன: ஏஇபி-எல், 12சி27, 14சி28என். கார்பன் 0.6 சதவிகிதத்தை ஒட்டி, குரோமியம் 13, 14. மணிகள் மிக நுண்ணியவை என்பதால் அடியையும் நன்றாகத் தாங்கும். 14சி28என்-இல் கொஞ்சம் நைட்ரஜன் சேர்த்திருப்பதால் துரு எதிர்ப்பு ஒரு படி கூடும். ஏஇபி-எல்லை 58-ஐ ஒட்டி வைத்து, பெரிய அலகு செய்து தரும் தனிக் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். கடல் ஓரத்தாருக்கு என் முதல் தேர்வு இதுதான்.

2021-இல் வந்த மேக்னாகட் பற்றியும் கேட்கிறார்கள். லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் வடிவமைத்தது. குரோமியம் 11 சதவிகிதம்கூட இல்லை, ஆனால் குரோமியம் மணிகளே உருவாகாதபடி கலவையை அமைத்திருப்பதால் அத்தனையும் துருவைத் தடுக்க மிஞ்சுகிறது. டி2-இன் கதைக்கு நேர் எதிர். உடையாமையில் 3வி-க்குக் கொஞ்சம் பின்னால்தான், ஆனாலும் துருப்பிடிக்காத வகைகளில் பெரிய அலகுக்குத் துணிந்து எடுக்கலாம். விலையைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

படகிலேயே கிடக்கிற கத்தி என்றால் எல்சி200என், எச்1 போன்ற வகைகள் உப்புத் தண்ணீரையே சட்டை செய்யாது. கயிறும் வலையும் அறுக்கச் சரி. மரம் வெட்ட அவற்றைத் தேட வேண்டாம்.

"440 சர்ஜிக்கல் ஸ்டீல்" என்று பொறித்த பெரிய வேட்டைக் கத்தி?

மருத்துவ எஃகு என்பது விளம்பரச் சொல். 440 என்று மட்டும் போட்டு ஏ, பி, சி என்ற எழுத்தைப் போடாதவர் பெரும்பாலும் மலிவான வகையைத்தான் கொடுத்திருப்பார். பிடிக்குள் தூண்டிலும் தீக்குச்சியும் வைக்கக் குழாய் விட்டிருந்தால் அலகு பிடியில் வெறும் ஒரு திருகாணியால் நிற்கிறது என்று அர்த்தம். சுவரில் மாட்டலாம்.

டமாஸ்கஸ் கோலம் போட்ட அலகு வலுவானதா?

இன்று அந்தப் பெயரில் விற்பது இரண்டு வகை எஃகை அடுக்கி, அடித்து ஒட்டி, அமிலத்தில் கோலம் வெளிக்கொணர்ந்தது. நல்ல கையில் நன்றாக வரும், ஒட்டு சரியில்லாத இடத்தில் பிளக்கும். அழகுக்காக வாங்குங்கள், வலுவுக்காக வேண்டாம். நம் கொடுமணலிலும் தென்னிந்தியாவின் பிற இடங்களிலும் மூசையில் உருக்கிய பழைய உருக்கு வேறு சமாச்சாரம். அதன் கோலம் உள்ளிருந்தே வந்தது, வனேடியம் போன்ற தனிமங்கள் துளியளவு கலந்திருந்ததுதான் காரணம் என்று அமெரிக்க உலோகவியலாளர் வெர்ஹோவன் காட்டினார். கார்பன் ஒன்றரை சதவிகிதத்தை ஒட்டியிருந்த அந்த எஃகும் பாராங்குக்கு ஏற்றதில்லை.

எஃகின் பெயர் முக்கியமா, தோய்ச்சல் முக்கியமா?

தோய்ச்சல். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒழுங்காகப் பதம் பார்த்த 1075, கெட்டுப்போன 3வி-யைத் தோற்கடிக்கும்.

நடப்பது இதுதான். எஃகை 800 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடாக்கினால் கார்பன் கரைந்து பரவும். (770 பாகையில் எஃகு காந்தத்தில் ஒட்டாமல் போகும். கண்ணளவில் வேலை செய்கிற கொல்லர்கள் ஒரு காந்தத் துண்டைத் தொட்டுப் பார்த்து, அதற்குமேல் இன்னும் கொஞ்சம் சூடேற்றுவார்கள்.) பிறகு எண்ணெயில் முக்கினால் கண்ணாடிபோல் கடினமாகும், அந்த நிலையில் கீழே விழுந்தாலே உடையும். அதனால் மறுபடி 200 பாகையை ஒட்டி ஒன்றிரண்டு மணி நேரம் சூடு காட்டி இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். துடைத்துப் பளபளப்பாக்கிய எஃகில் அந்தச் சூட்டில் வைக்கோல் மஞ்சள் நிறம் வரும். 300-ஐ நெருங்கினால் நீலம். 5160-ஐப் பெரிய கத்திக்கு மஞ்சளுக்குச் சற்று மேலே விடுவார்கள், முதுகை நீலம் வரை விடுகிறவர்களும் உண்டு.

வாங்கும் இடத்தில் சோதிக்க எளிய வழிகள்: புது அரத்தை வாயில் மெதுவாக இழுங்கள். வெண்ணெயாகக் கடித்தால் கத்தி மிக மென்மை. முற்றாக வழுக்கினால் 60-க்கு மேல், பெரிய கத்திக்கு மிகக் கடினம். தயங்கித் தயங்கிக் கடித்தால் சரியான பதம். அடுத்து, வாயைப் பித்தளைக் கம்பியில் சாய்த்து அழுத்தி நகர்த்துங்கள். வாய் லேசாக வளைந்து, விட்டதும் நேராக வேண்டும். வளைந்தபடி நின்றால் மிக மென்மை, பல் விழுந்தால் மிகக் கடினம். கடைக்காரர் சம்மதத்தோடு செய்யுங்கள், எல்லோரும் ரசிக்க மாட்டார்கள்.

அப்படியென்றால் முறிவதற்குக் காரணம் எப்போதும் எஃகுதானா?

இல்லை. பிடிக்குள் போகும் வால் பகுதியைப் பாருங்கள். அலகு குறுகி வாலாக மாறும் இடத்தில் உள்மூலை செங்கோணமாக வெட்டியிருந்தால் அத்தனை அதிர்ச்சியும் அந்த மூலையில் வந்து குவியும். எந்த எஃகாக இருந்தாலும் ஒரு நாள் அங்கே முறியும். மூலை வளைவாக இருக்க வேண்டும். மலாய்ப் பாராங்கின் குச்சிவால் பலவீனமானது என்று சிலர் சொல்வார்கள். வளைவு சரியாக இருந்து, வாலைக் கடினப்படுத்தாமல் மென்மையாக விட்டிருந்தால் அதற்குக் குறையில்லை. கையில் அதிர்ச்சியும் குறைவாகவே ஏறும்.

எத்தனை மில்லிமீட்டர் கனம் வேண்டும்?

வேலையைச் சொன்னால்தான் கனத்தைச் சொல்ல முடியும். லாலான், ரெசாம் என்ற பெரணி, இளங்கொடி எல்லாம் எடையால் வெட்டப்படுபவை அல்ல, வேகத்தால் வெட்டப்படுபவை. அதற்கு இரண்டு மில்லிமீட்டர் கனமும் நல்ல நீளமும். கட்டை பிளக்க, தென்னை மட்டை வெட்ட நாலு முதல் ஐந்து மில்லிமீட்டர் முதுகு. நல்ல பாராங்கில் இந்த முதுகு பிடியருகே கனமாகவும் நுனிக்குப் போகப் போக மெலிந்தும் இருக்கும். இணையத்தில் புகழ்கிற ஆறு, ஏழு மில்லிமீட்டர் அமெரிக்கக் கத்திகள் குளிர்நாட்டுக் காய்ந்த மரத்தை மனத்தில் வைத்துச் செய்தவை. நம் வெயிலில் ஒரு மணி நேரம் வீசினால் தோள் சொல்லும்.

வாயின் கோணம் ஒரு பக்கத்துக்கு 20 பாகை, கடின மரத்துக்கு 25. சமதளமாக விடாமல் சற்றே குவிந்து இறங்கினால் மரத்தில் சிக்காது. மூங்கிலின் தோலில் சிலிக்கா இருக்கிறது, பிரம்பிலும் அப்படியே. எந்த எஃகானாலும் இவை கூரைத் தின்றுவிடும். டுரியான் பிளக்கிற கத்திக்கு இந்தக் கணக்கு எதுவுமே தேவையில்லை. அது ஆப்பு, கத்தி இல்லை.

சாணை பிடிக்கிற இடத்தில் கொடுத்த பிறகு கூர் நிற்கவே மாட்டேன் என்கிறது. எஃகு கெட்டுவிட்டதா?

வாய் ஓரத்தில் நீலம் தெரிகிறதா பாருங்கள். தண்ணீர் இல்லாமல் வேகச் சக்கரத்தில் பிடித்தால் மெல்லிய வாய் ஒரு நொடியில் 300 பாகையைத் தொடும், பதம் போய்விடும். நீலம் கண்ட பகுதியை மட்டும் கல்லில் மெதுவாகத் தேய்த்து எடுத்துவிட்டால் உள்ளே நல்ல எஃகு இருக்கும். அடுத்த முறை நீங்களே அரத்தால் வடிவம் கொடுத்து, தண்ணீர்க் கல்லில் முடியுங்கள்.

துரு வராமல் வைப்பது எப்படி?

கழுவு, துடை, எண்ணெய் போடு. தையல் எந்திர எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் அவசரத்துக்கு ஆகும், நாளானால் சிக்கெடுக்கும். உறைக்குள் வைத்துப் பூட்டி வைக்காதீர்கள். தோல் உறை ஈரத்தை இழுத்து வைக்கும், பிளாஸ்டிக் உறை உள்ளே போன தண்ணீரை வெளியே விடாது. மரத்தை இரண்டாகப் பிளந்து பிரம்பால் கட்டுகிற மலாய் உறை இந்த ஊர்க் காற்றுக்கு மூச்சுவிடும். ஆனாலும் வீட்டில் கத்தியை வெளியே எடுத்தே வையுங்கள்.

கார்பன் எஃகில் சாம்பல் நிறப் படிவு வந்தால் பயப்பட வேண்டாம், அது கவசம். சிவப்பு வந்தால்தான் வேலை. புளியைக் கரைத்துத் தடவி, சற்று ஊறவிட்டுத் தேய்த்தால் போகும். உடனே கழுவிக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் புளியே அடுத்த துருவுக்கு அடிபோடும்.

ஆயுத பூசைக்கு மறுநாள் வருகிற தொலைபேசி அழைப்புகளுக்காக இதையும் எழுதுகிறேன். ஈரச் சந்தனமும் குங்குமமும் வைத்து, எலுமிச்சையும் வெட்டி, இரவு முழுக்க அப்படியே விட்டால் பொட்டு வைத்த இடத்தில் வட்டமாகத் துரு பிடிக்காமல் என்ன செய்யும்? முதலில் எண்ணெய் பூசி, அதன் மேல் பொட்டு வையுங்கள். சாமி கோபிக்காது.

காடியில் (காரில்) பாராங் வைத்திருந்தால் போலீஸ் பிடிக்குமா?

பிடிக்கலாம். அரிக்கும் பொருள்கள், வெடிபொருள்கள், ஆபத்தான ஆயுதங்கள் பற்றிய மலேசியாவின் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, பொது இடத்தில் தக்க காரணமின்றி ஆபத்தான ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. தண்டனை சிறை, பிரம்படி என்று கடுமையானது. தோப்புக்குப் போகும்போது, திரும்பும்போது மட்டும் எடுத்துச் செல்லுங்கள். உறையிலிட்டுச் சாக்கில் சுற்றி, மற்றத் தோட்டச் சாமான்களோடு காடியின் பின்னால் வையுங்கள், இருக்கைக்கு அடியில் வேண்டாம். வேலை முடிந்து தண்ணீர்மலைக் கோயிலுக்கோ ஒட்டுக்கடைக்கோ போகிறவர் முதலில் வீட்டில் இறக்கிவைத்துவிட்டுப் போகட்டும். தெலுக் பஹாங்கில் இருக்கும் பினாங்கு தேசியப் பூங்கா 2003-இல் அறிவிக்கப்பட்ட பாதுகாக்கப்பட்ட காடு. அங்கே வெட்டுவதற்கு அனுமதியே இல்லை, ஆகவே கத்திக்கும் வேலையில்லை.

அலகில் பெயர் பொறிக்கலாமா?

அமிலத்திலோ லேசரிலோ மேலோட்டமாகப் பொறிக்கலாம். கடினப்பட்ட அலகில் உளியால் எழுத்தடிக்க வேண்டாம், ஒவ்வோர் எழுத்தின் மூலையும் விரிசலுக்கு வாசல். அடித்தே ஆக வேண்டுமென்றால் தோய்ச்சலுக்கு முன்பே, பிடியருகே, முதுகை ஒட்டி அடிக்கச் சொல்லுங்கள்.